பிலோமினாவின் நோட்டும் நாலு மணி நேர பேட்டரியும்

1. பஸ்ஸில் வந்த பெட்டி

"செத்துப்போச்சு சார்."

கடை வாசலில் நின்று பிலோமினா இதைச் சொன்னபோது எங்கள் முதலாளி பாய் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "யா அல்லா! யாரும்மா? எப்ப?" என்று பதறினார்.

பிலோமினா மார்போடு அணைத்துப் பிடித்திருந்த சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டி, "இதுதான் பாய். பதினோரு மணிக்கு" என்றார்.

பாய் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். எனக்குத்தான் நம்ப முடியவில்லை. அந்தப் பெட்டியை முழுசாகப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று சொல்லி, அன்று காலையில்தான் என் கையால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. காரைக்காலில் பாய் நடத்திய ரேடியோ, டிவி சர்வீஸ் கடையில் நான் மெக்கானிக். ஸ்டெபிலைசர், எமர்ஜென்சி லைட், டேப் ரெக்கார்டர், எது வந்தாலும் பிரித்துப்போட்டு உட்காருவேன். மெட்ராஸில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் படித்துவிட்டு வந்திருந்தேன். ஊரில் அதைப் படித்தவன் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்ற நினைப்பு வேறு. தலையில் கொஞ்சம் கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிலோமினா நிலத்தடி நீரைச் சோதிக்கிற ஒரு அலுவலகத்தில் களப் பணியாளர். கோவில்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். தற்காலிக வேலை. மாதக் கடைசியில் நீட்டிப்பு உத்தரவு வந்தால்தான் அடுத்த வருஷம் வேலை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். தம்பியும் தங்கையும் படித்துக்கொண்டிருந்தார்கள். உத்தரவுக்கு எழுத வேண்டியவர் அவருடைய இன்ஜினியர்.

திருவேட்டக்குடிப் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றில் குடிதண்ணீருக்கு போர்வெல் போட்டிருந்தார்கள். கடலோர போரை நம்ப முடியாது. முதல் குடம் இனிக்கும். இறைக்க இறைக்க உப்பு ஏறும். அதனால் பத்து மணி நேரம் விடாமல் இறைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தையும் உப்பையும் அளக்க வேண்டும். நடுவில் ஒரு அளவு விட்டுப்போனாலும் அந்த டெஸ்ட் செல்லாது. அளக்கிற மெஷின்தான் பிலோமினா அணைத்துக்கொண்டு வந்த பெட்டி. மடியில் வைத்து வேலை செய்கிற கம்ப்யூட்டர். மெட்ராஸில் ஒரு இன்ஸ்டிட்யூட் அடித்துத் துவைத்த பிறகு இந்த வேலைக்கு இரவல் கொடுத்தது.

2. கர்னல்

அந்த லேப்டாப்பின் பேட்டரி தொடர்ந்து ஓடினால் நாலு மணி நேரம் தாங்கும். டெஸ்ட்டோ பத்து மணி நேரம். போர் இருந்த இடத்தில் கரண்ட் கிடையாது. பம்ப் ஓடுவதே டீசல் இன்ஜினில். அதற்கு இன்ஸ்டிட்யூட்டில் இருந்த புரோகிராமர் ஒருவர் வழி செய்திருந்தார். மெஷினோடு வந்த டாஸ் என்கிற சாதாரண புரோகிராமை எடுத்துவிட்டு, இந்த வேலைக்கென்றே சொந்தமாக ஒரு கர்னல் எழுதி ஏற்றியிருந்தார். கர்னல் என்றால் மெஷினுக்குள் எது எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற அடிப்படை புரோகிராம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மெஷினை எழுப்பும். ஒரு பீப். அளவை எடுத்து எண்ணை ஸ்கிரீனில் காட்டும். அரை நிமிடம் கழித்து இரண்டு பீப். உடனே ஸ்கிரீன் லைட், டிஸ்க், பிராசசர் எல்லாவற்றையும் தூங்கவைத்துவிடும். இப்படித் தூங்கித் தூங்கி வேலை செய்தால் நாலு மணி நேர பேட்டரி ஒரு முழுப் பகலைத் தாண்டும்.

இதை பாயிடம் விளக்கியபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கர்னலா? எந்தப் பட்டாளத்துல?"

தெருவுக்கு ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற ஊரில் அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. "அது ஆள் இல்ல பாய், புரோகிராம்" என்றேன். "ஆள் இல்லாமயா எல்லாத்தையும் தூங்கு, எந்திரின்னு அதட்டுறாரு?" என்றார். அதற்குப் பிறகு கடைசிவரை எங்கள் கடையில் அதற்கு 'அவர்' என்றுதான் பெயர். "அவரு தூங்குனாராப்பா?" என்று தினம் விசாரிப்பார்.

முதல் டெஸ்ட் அன்று காலையில் மெஷினை போருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து, போருக்குள் இறக்கியிருந்த அளவுக் கேபிளை மாட்டி, ஓடவிட்டேன். எல்லாம் சரி. பிலோமினா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். "நான் எதாச்சும் செய்யணுமா சார்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். நம் வாய் சும்மா இருக்குமா? இரண்டடி தள்ளி டீசல் இன்ஜின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, "ரெண்டு பீப் வந்ததும் லைட்ட அமத்திடுங்க!" என்று கத்தினேன்.

அவர் தலையாட்டினார். நானும் பெரிய யோசனை சொன்ன திருப்தியோடு கடைக்கு வந்து சேர்ந்தேன். ஏழு மணிக்கு ஆரம்பித்த டெஸ்ட் பதினோரு மணிக்கு நின்றுபோனது. பிலோமினா பெட்டியோடு கடை வாசலுக்கு வந்தார்.

3. என் கண்டுபிடிப்புகள்

பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். சார்ஜ் ஏற்றி, லோடு கொடுத்து வோல்டேஜ் பார்த்தேன், ஆடவே இல்லை. டெர்மினலில் உப்புக் காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. அட, அகப்பட்டுக்கொண்டான் என்று தேய்த்துத் துடைத்தேன். பிறகு மல்டிமீட்டரை சீரீஸில் போட்டு, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தேன். எழுந்திருக்கும்போது முள் துள்ளியது. தூங்கும்போது அசையாமல் படுத்துக்கொண்டது. காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை ஓடவிட்டேன். ஜம்மென்று ஓடியது. பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது.

கடையில் பகல் முழுக்க ஓடுகிற மெஷின் குப்பத்தில் ஏன் நாலு மணி நேரத்தில் சாகிறது? நாலு மணி நேரம் என்ற கணக்கு எனக்கு ஒன்றைச் சொன்னது. தூங்காமல் கொட்டக் கொட்ட விழித்திருந்தால்தான் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் தீரும். அப்படியானால் குப்பத்தில் மெஷின் தூங்கவே இல்லை. இதுவரை நான் யோசித்தது முழுக்கச் சரி. இதற்கு மேல்தான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. வெயில்! வெயில் சூட்டில் கர்னல் தடுமாறுகிறது என்று முடிவு கட்டினேன்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு புரோகிராமரைப் பிடித்தேன்.

"சார், உங்க கர்னல் வெயில்ல தூங்க மாட்டேங்குது."

"வெயில்ல யாருங்க தூங்குவா?" என்று சிரித்தார். அப்புறம் குரல் மாறியது. "இங்க பாருங்க, என் கோட்ல தப்பு இல்ல. அது தூங்கத்தான் போகுது. யாரோ எழுப்புறாங்க. அதப் பாருங்க முதல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறாரா? ஆனாலும் ஒரு கடமைக்கு பிலோமினாவைக் கேட்டேன்.

"நான் சொன்னதத் தவிர வேற எதையாச்சும் தொட்டீங்களா?"

"ஐயோ இல்ல சார். நீங்க சொன்னத மட்டுந்தான் செய்றேன். ஒரு தடவகூட விடல."

அவ்வளவுதான், ஆள்மேல் தப்பில்லை, கர்னல்மேல்தான் என்று உறுதியாகிவிட்டது. மரப்பெட்டி ஒன்று அடித்து, ஈரச் சாக்கு சுற்றி, மேலே ஒரு கறுப்புக் குடையைக் கட்டி இரண்டாவது டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். குப்பத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டிக்கு வந்த வாழ்வப் பாரு! நமக்கு யாரு இப்படிக் கொட புடிச்சா?" என்று சிரித்தார்களாம்.

இரண்டாவது டெஸ்ட்டும் பதினோரு மணிக்கே நின்றது.

4. மெமோ

இந்த முறை பிலோமினா கையில் பெட்டியோடு ஒரு காகிதமும் இருந்தது. இன்ஜினியர் மெமோ கொடுத்துவிட்டார். உபகரணத்தைக் கவனக்குறைவாகக் கையாண்டு இரண்டு டெஸ்ட்டுகள் வீணாகக் காரணமானதற்கு விளக்கம் கேட்டிருந்தார். வாயாலும் சொல்லியிருக்கிறார்: மூன்றாவது முறையும் நின்றால் நீட்டிப்புக்கு எழுத மாட்டேன் என்று.

"மெட்ராஸ்லேருந்து வேற ஆளக் கூப்புடுறேன்னாரு சார்" என்றார் பிலோமினா. "நாந்தான் இன்னும் ஒரு தடவ இவங்களே பாக்கட்டும் சார், பாத்துடுவாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

தன் வேலைக்கே கத்தி கழுத்துவரை வந்து நிற்கிறது, அப்போதும் எனக்காகப் பேசிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பாய் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. டீ சொல்றேன். இன்ஷா அல்லா, ஒண்ணும் ஆவாது" என்றார்.

"எத்தன மணிக்கு நின்னுச்சு, கரெக்டா சொல்லுங்க" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டேன். அவர் பையிலிருந்து டெஸ்ட் நோட்டை எடுத்து நீட்டினார்.

அந்த நோட்டை அதுவரை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அது அவர் வேலை, மெஷின் என் வேலை என்று இருந்தேன். மணி மணியான கையெழுத்து. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வரி.

"7.05. மட்டம், உப்பு குறித்தேன். ரெண்டு பீப். லைட் அமுத்தினேன்."

"7.10. மட்டம், உப்பு குறித்தேன். ரெண்டு பீப். லைட் அமுத்தினேன்."

பக்கம் பக்கமாக இதே. இரண்டு நாளும் இதே. கடைசி வார்த்தையில் விரலை வைத்தேன்.

"இது என்ன, அமுத்தினேன், அமுத்தினேன்னு எழுதியிருக்கீங்க?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, லைட்ட அமுத்துங்கன்னு?"

"அமத்துங்கன்னுல்ல சொன்னேன்!"

"அமுத்துங்கன்னுல்ல கேட்டுச்சு!"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னா, ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொல்லிச் சொல்லிச் சண்ட போடுறீங்க?"

ஒரே வார்த்தை இல்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் விளக்கை அணைப்பதற்கு 'அமத்து' என்போம். பட்டனை விரலால் அழுத்துவதற்கு 'அமுத்து' என்போம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு உகரம். அந்த உகரம் டீசல் இன்ஜின் சத்தத்தில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிட்டது. லைட் எரிந்தால் அமத்துங்கள் என்று நான் சொல்ல நினைத்தேன். பட்டனை அமுத்துங்கள் என்று அவர் காதில் விழுந்தது. மெஷினிலும் பல்பு படம் போட்ட பட்டன் ஒன்று கண்ணெதிரே இருந்தது.

"ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றேன்.

மெஷினை ஓடவிட்டேன். ஒரு பீப். எண் வந்தது. பிலோமினா எழுதினார். இரண்டு பீப். கர்னல் சொன்ன சொல் தவறாமல் மெஷினைத் தூங்கவைத்தது, ஸ்கிரீன் இருண்டது. பிலோமினா விரலை நீட்டி பல்பு பட்டனை அமுத்தினார். பளிச்சென்று நீல வெளிச்சம் வந்தது. தூங்கப்போன மெஷின் துள்ளி எழுந்து, அடுத்த அளவுவரை விழித்தே இருந்தது.

"எரியுதே சார்!" என்று அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "அங்க எரியவே இல்லியே!"

அங்கேயும் எரிந்ததுதான். கடற்கரை வெயிலில் அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. எண்ணைப் பார்க்கவே அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக் குனிய வேண்டியிருந்திருக்கிறது. பார்த்து எழுதிவிட்டு நிமிர்ந்துவிடுவார். பீப் சத்தம் கேட்டதும் அமுத்துவார். குடை கட்டிய அன்றும் இதே கதைதான். மணல் வெயில் கண்ணைக் குத்தும்போது குடை என்ன செய்யும்? அவர் ஒவ்வொரு முறையும் நான் சொன்னதாக நினைத்ததை ஒழுங்காகச் செய்தார். அந்த ஒழுங்கே பேட்டரியைத் தின்றது.

5. கிழிக்காத பக்கங்கள்

கொஞ்ச நேரம் மூன்று பேரும் சிரித்தோம். பாய்க்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "பாவம்ப்பா அவரு! தூங்கப்போறப்பல்லாம் தட்டி எழுப்புனா என்னத்துக்கு ஆவாரு?" என்றார்.

பிலோமினா திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "அப்ப ரெண்டு தடவயும் நாந்தானா சார்?"

"நீங்க இல்ல, நான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நிமிடமே எனக்குப் பயம் வந்தது. இந்த நோட்டு இன்ஜினியர் கைக்குப் போனால் இரண்டு நாளும் மெஷினை எழுப்பியது பிலோமினா என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும். மெமோவுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். நான் சொல்லித்தான் செய்தார் என்று தெரிந்தால் என் பேரும் கடையின் பேரும் போகும். மூளை வேகமாக வேலை செய்தது. நல்லதுக்கு இல்லை.

"ஒண்ணு செய்வோம்" என்றேன். "இந்த ரெண்டு நாள் பக்கத்தையும் எடுத்துட்டு, அமுத்தினேங்கறது இல்லாம வேற எழுதி வச்சிடுங்க. கர்னல்ல கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு நான் கடை லெட்டர்ல எழுதித் தர்றேன். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல. மெட்ராஸ்ல இருக்குறவருக்கு என்ன தெரியப்போவுது?"

பாய் டீயைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

பிலோமினா நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வேணாம் சார். செஞ்சதத்தான் எழுதியிருக்கேன். இதக் கிழிச்சா நாளைக்கு நான் எழுதப்போற உப்பு அளவ மட்டும் யாரு நம்புவா? அந்தத் தண்ணிய சின்னப் புள்ளைங்க குடிக்கப்போவுது."

"வேல போயிடும்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஹார்ட்வேர் படித்தவன், ஊரிலேயே ஒருத்தன் என்ற திமிர் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அந்த நோட்டக் குடுங்க" என்றேன். அவர் தயங்கினார். "கிழிக்க மாட்டேன், குடுங்க" என்றேன். இரண்டாம் நாள் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: "லைட்டை அமத்துங்கள் என்று நான் சொன்னது அமுத்துங்கள் என்று கேட்டிருக்கிறது. சத்தத்துக்கு நடுவே தேவையில்லாத ஒன்றைச் சொல்லி, புரிந்ததா என்று பார்க்காமல் வந்தது என் தவறு. பணியாளர் மேலும் கர்னல் மேலும் தவறு இல்லை." கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு நானும் போனேன். மரப்பெட்டியும் இல்லை, சாக்கும் இல்லை. நிழலுக்குக் குடை மட்டும். பிலோமினா பேனாவைத் தவிர எதையும் தொடவில்லை. பதினோரு மணி ஆனபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொன்று ஐந்துக்கு ஒரு பீப் வந்தது பாருங்கள், எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஜினை நிறுத்தும்வரை உப்பு ஏறவே இல்லை. மெஷினில் இன்னும் பேட்டரி இருந்தது.

இன்ஜினியர் வந்தார். எண்களைப் பார்த்துவிட்டு நோட்டைப் பின்னுக்குத் திருப்பினார். நான் எழுதியதைப் படித்தார். அதற்கு மேலிருந்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

"இது யார் எழுதுனது?"

"நாந்தான் சார்" என்றேன்.

"இத நான் மேல அனுப்பணும். சர்வீஸ் உங்க கடையில வேண்டாம்னுவாங்க, தெரியும்ல?"

"தெரியும் சார்."

பிலோமினா பக்கம் திரும்பினார். "இந்த வரியெல்லாம் அப்பவே எழுதுனதா?"

"ஆமா சார். செஞ்சத எழுதணும்ல?"

இன்ஜினியர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "மெமோவ நாளைக்கு ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடுங்க. ரத்து பண்ணிடுறேன்" என்றார். ஜீப்பில் ஏறப் போனவர் நின்று, "நோட்டு இப்படியே எழுதுங்க" என்றார். மாதக் கடைசியில் நீட்டிப்பு உத்தரவு வந்தது.

அவர் சொன்னபடியே அந்த அலுவலகத்து சர்வீஸ் எங்கள் கடையை விட்டுப் போனது. பாயிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "போனா போவட்டும்ப்பா" என்றார். "அந்தப் பொண்ணுக்கு வேல தங்குச்சுல்ல, அல்ஹம்துலில்லா. நீ கிழிக்கச் சொன்னப்பதான் எனக்குத் திக்குன்னு இருந்துச்சு." அன்றே மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். "யாரோ எழுப்புறாங்கன்னு சொன்னீங்களே, அது நாந்தான் சார்" என்றேன். மறுமுனையில் அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் என் டிரங்க் கால் நேரமே தீர்ந்துபோனது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமரிடம் "சொன்னபடி செஞ்சீங்களா?" என்று கேட்காதீர்கள். செய்தேன் என்றுதான் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். "ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். முதல் டெஸ்ட் முடிந்த அன்றே நான் அப்படிக் கேட்டிருந்தால் மரப்பெட்டியும் வேண்டாம், ஈரச் சாக்கும் வேண்டாம்.

பிலோமினா என் பேச்சைக் கேட்டு நடந்ததால் இரண்டு டெஸ்ட் போனது. வேலையே போகப் பார்த்தது. அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சொன்னபோதும் அவர் கேட்டிருந்தால், நான் ரிட்டயர் ஆகிறவரைக்கும் என் தப்பை அடுத்தவன் தலையில் கட்டியே பிழைத்திருப்பேன். அன்றைக்கு ஒரு தடவை என் பேச்சைக் கேட்காமல் இருந்தாரே, அதற்கு நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.